தாத்தா நாய், மகாராணிப் பூனை: இதெல்லாம் தெரியுமா?

நாயும் பூனையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வம்பை முதலில் இழுப்பது யார்? நாய்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். தப்பு! இரண்டையும் சேர்த்து வளர்க்கும் 748 பேரிடம் கேட்டு, இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். நாய் பூனையை மிரட்டுவதைவிட, பூனை நாயை மிரட்டுவதுதான் ஏறக்குறைய மூன்று மடங்கு! காயப்படுத்துவதிலும் பூனைக்கே முதலிடம். இருந்தும் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட வீடுகளில், ‘ரெண்டும் நல்லாத்தான் இருக்கு’ என்று பதில் வந்திருக்கிறது. ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கவே முடியாத ஜோடி நூற்றுக்கு மூன்றுதான்.

அதே ஆய்வில் இன்னும் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. இந்த நட்பு அமையுமா அமையாதா என்பதை முடிவு செய்வது நாய் அல்ல, பூனை! பூனை நிம்மதியாக இருந்தால் உறவு தேறுகிறது. ஒரு வயதுக்குள் நாயைப் பார்த்துவிட்ட பூனை என்றால் இன்னும் சுலபம். நாயின் வயதுக்கு அந்த அளவு முக்கியத்துவம் தெரியவில்லை. பத்து வயதோ பன்னிரண்டு வயதோ, அது மட்டுமே தடையில்லை!

நம் வீடுகளுக்கு வயதான நாய் வந்து சேரும் விதத்தைப் பாருங்கள். ஊரில் அப்பா ஆசையாய் வளர்த்தது. அப்பாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லை. அல்லது வெளிநாடு போகிற நண்பர் கண்கலங்கி ஒப்படைத்தது. வந்து சேர்கிற ஃபிளாட்டிலோ சோபா, பீரோ உச்சி, ஜன்னல் திண்டு எல்லாவற்றுக்கும் பட்டா வாங்கி வைத்திருக்கிறது ஒரு பூனை. ‘கிழட்டு நாய் இனிமே எங்க பழகப்போகுது?’ என்று அக்கம்பக்கத்தில் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்கு இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 2008-ல் வெளியான அந்த ஆய்வு, பூனை முதலில் குடியேறிய வீட்டுக்கு நாய் பின்னால் வந்தால் நட்பு மலரும் வாய்ப்பு கூடுதல் என்கிறது! மூன்றில் இரண்டு வீடுகளில் சிநேகம். கால்வாசி வீடுகளில் ‘நீ யாரோ நான் யாரோ’. நிஜமான பகை பத்தில் ஒன்றுக்கும் கீழே. சின்ன வயதிலேயே, அதாவது பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் சந்தித்தால் இன்னும் விசேஷம் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்த வாய்ப்பு போய்விட்டதே என்று தலையில் கை வைக்க வேண்டியதில்லை.

மனிதன் வீட்டில் நாய்தான் சீனியர்

நாயும் பூனையும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் என்று தெரியுமா? ஊனுண்ணி வரிசையில் இரண்டு கிளைகளும் பிரிந்து 4 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பங்காளிச் சண்டை என்று சொன்னால் அறிவியலும் ஆட்சேபிக்காது!

மனிதனிடம் வந்து சேர்ந்ததில் மட்டும் பெரிய இடைவெளி. ஜெர்மனியில் பான் நகரத்தின் ஓபர்காசெல் பகுதியில் ஓர் ஆணோடும் ஒரு பெண்ணோடும் சேர்த்துப் புதைக்கப்பட்ட நாய்க்கு வயது 14,000 ஆண்டுகளுக்கு மேல். குட்டியாக இருந்தபோதே கடும் நோய்வாய்ப்பட்டு, யாரோ பார்த்துப் பார்த்துக் கவனித்ததால் சில வாரங்களாவது கூடுதலாக வாழ்ந்தது என்பது அதன் பற்களை ஆராய்ந்தவர்களின் கணிப்பு. பூனையோ மிகவும் லேட்! சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன், ஒரு மனிதரின் சமாதிக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி எட்டு மாதப் பூனை ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள். 2004-ல் வெளியான கண்டுபிடிப்பு இது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனைகளே கிடையாது. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆக, பூனை வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது நாய் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சர்வீஸ் போட்டிருந்தது!

செயினில் பிடித்துக்கொண்டு நாயையும் பூனையையும் அறிமுகப்படுத்துவது யூடியூப் காலத்து உத்தி என்று நினைத்தீர்களா? ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குப் பீடம் இருக்கிறது. பழைய நகர மதிலுக்குள் கட்டுமானக் கல்லாகக் கிடந்து 1922-ல் கிடைத்தது. காலம் ஏறக்குறைய கி.மு. 510. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கையில் நாயின் கயிறு, மற்றவர் கையில் பூனையின் கயிறு! நாய் தலையைத் தாழ்த்துகிறது, பூனை முதுகை வளைக்கிறது. அந்த இளைஞர்கள் சமாதானம் செய்யவில்லை, சண்டை மூட்டி வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் அறிஞர்கள் சொல்கிறார்கள். 2,500 ஆண்டுகளுக்கு முன்பே இப்படியும் ஒரு பொழுதுபோக்கு!

எகிப்தியர் வேறு ரகம். வீட்டுப் பூனை இறந்தால் குடும்பத்தில் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள், நாய் இறந்தால் தலையும் உடம்பும் முழுக்க மழிப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். துக்கத்தின் அளவை முடியில் காட்டியவர்கள்!

வாலை நம்பாதீர்கள்

நாய் வாலை ஆட்டினால் சந்தோஷம். பூனை வாலை இப்படியும் அப்படியும் அடித்தால் எரிச்சல். இன்னும் ஐந்து நொடியில் அறை விழும். நாய் முன்னங்காலைத் தூக்கினால் ‘வா, விளையாடலாம்’. பூனை முன்னங்காலைத் தூக்கினால் ‘கிட்ட வந்தால் பிராண்டுவேன்’. நாய் காதை மடித்துத் தாழ்த்தினால் பணிவு. பூனை காதைத் தட்டையாக்கினால் போர் அறிவிப்பு. நாய் மல்லாந்தால் சரணாகதி. சண்டைக்கு நடுவில் பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களும் தயார்! இந்த அகராதியை வைத்துக்கொண்டு இவை பேசிப் பழகுவது எப்படி? ஆனால் பழகுகின்றனவே! டெல் அவிவ் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் 45 ஜோடிகளைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை எதிராளியின் சைகையைச் சரியாகவே புரிந்துகொண்டன. அதைவிட அதிசயம், பூனைகள் தங்களுக்குள் வணக்கம் சொல்வதுபோல் மூக்கோடு மூக்கு வைக்கும் வழக்கத்தை நாய்களும் கற்றுக்கொண்டிருந்தன!

நாயின் வால் எந்தப் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இத்தாலியில் பாரி, ட்ரியெஸ்தே பல்கலைக்கழகக்காரர்கள் 30 நாய்களை வைத்துக் கவனித்து 2007-ல் எழுதினார்கள். சொந்தக்காரரைப் பார்த்தால் வால் பலமாக வலப்பக்கம் போகிறது. அறிமுகமில்லாத, அடக்கியாளும் நாயைப் பார்த்தால் இடப்பக்கம். பிறகு எதிரே ஒரு பூனையைக் காட்டினார்கள். வால் போனது… வலப்பக்கம்! வீச்சு மிகச் சிறியதுதான், ஆனாலும் வலம்தான். பூனையைப் பார்த்ததும் நாயின் மனதில் கிளம்புவது பயமோ விலகலோ அல்ல, ‘யாரது, கிட்டப் போய்ப் பார்ப்போமா?’ என்கிற நெருங்கும் ஆவல். அந்த ஆவலைத்தான் பூனை தாக்குதல் என்று எடுத்துக்கொள்கிறது. பாதி ரகளை இங்கேதான் ஆரம்பம்.

பழக்கம் என்பது எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு 1930-ல் சீன விஞ்ஞானி குவோ செய்த பரிசோதனையைச் சொல்ல வேண்டும். எலிகளோடு சேர்த்து வளர்த்த 18 பூனைக்குட்டிகளில், வளர்ந்தபின் எலியைக் கொன்றவை மூன்றே மூன்று! பூனைக்குட்டிகளோடு சேர்த்து வளர்க்கப்பட்ட சிவாவா நாய்க்குட்டிகள், பிறகு நாய்களை விட்டுப் பூனைகளின் கூட்டத்தையே விரும்பிப் போனதாக 1969-ல் ஓர் ஆய்வு வந்தது. குட்டிப் பருவத்தில் இப்படி. உங்கள் வீட்டுக்கு வரும் தாத்தா நாய் குட்டியாக இருந்தபோது தெருப் பூனையோ கொல்லைப் பூனையோ அதன் பக்கத்தில் வளர்ந்ததா என்று ஊரில் ஒரு வார்த்தை கேட்டு வைத்தால் பாதி விடை தெரிந்துவிடும்.

நாய்க்கு அறுபத்தெட்டு!

நாயின் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது வரும் என்கிற கணக்கைத் தூக்கிப் போடுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லேப்ரடார் நாய்களின் மரபணுவில் வயது பதிக்கும் தடங்களைப் படித்து 2020-ல் புதுக் கணக்கு போட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய்க்கே மனித வயது 31! அதன்பின் வேகம் குறைகிறது. பத்து வயதில் சுமார் 68. அந்த வயதில் வீடு மாறி, புது ஆட்களோடு, முறைத்துப் பார்க்கிற ஒரு பூனையோடு வாழச் சொல்கிறோம். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

ஏனென்றால் வயதான நாயிடம் பிரச்சினை பிடிவாதம் அல்ல, புலன்கள்! பூனை சண்டைக்கு முன் எச்சரிக்கும் பிராணி. சீறும், உறுமும், முதுகை வளைத்து ரோமத்தைச் சிலிர்க்கும். இவ்வளவு நோட்டீஸ் கொடுத்தபிறகுதான் அடிக்கும். காது மந்தமான நாய்க்குச் சீறல் கேட்பதில்லை. கண் மங்கிய நாய்க்கு வளைந்த முதுகு தெரிவதில்லை. நோட்டீஸ் கைக்கே வராமல் தீர்ப்பு வந்துவிடுகிறது, மூக்கின் மேல்! பூனையின் பக்கம் இருந்து பார்த்தால், ‘இத்தனை சொல்லியும் வருகிறதே, எவ்வளவு திமிர்!’

கண்ணைப் பற்றி ஒரு விஷயம். வயதான நாயின் கண்மணி நீலச்சாம்பலாகப் பனி படர்ந்ததுபோல் தெரிந்தால் உடனே ‘புரை விழுந்துடுச்சு’ என்போம். பெரும்பாலும் அது கண்வில்லை வயதில் இறுகுவதால் வரும் மங்கல்தான், பார்வை அதிகம் கெடாது. நிஜமான புரை வெள்ளையாக, பார்வையையே மறைப்பதாக இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல டாக்டர் வேண்டும், நாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லக் கூடாது.

நல்ல கண் உள்ள நாய்க்கும் அசையாத பொருள் சரியாகத் தெரியாது, தெரியுமா? போலீஸ் நாய்களை வைத்துச் செய்த ஒரு பழைய சோதனையில், 800 மீட்டருக்கு அப்பால் நகர்ந்த பொருளைக் கண்டுகொண்ட நாய்கள், அதே பொருள் அசையாமல் நின்றபோது 600 மீட்டருக்குள் வந்தால்தான் கண்டுகொண்டன. உறைந்து நிற்கும் பூனை நாய்க்கு ஏறக்குறைய ஒரு நாற்காலி. ஓடத் தொடங்கிய மறுநொடி அது இரை! முதல் சந்திப்பில் பூனை ஓடாமல் இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வதன் காரணம் இதுதான்.

மூட்டுவலி உள்ள நாயின் மேல் பூனை துள்ளிக் குதித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மறதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நாய்களுக்கும் முதுமை மறதி வரும். 11, 12 வயது நாய்களில் 28 சதவீதமும், 15, 16 வயதில் 68 சதவீதமும் அதன் ஏதாவது ஓர் அறிகுறியைக் காட்டியதாக 2001-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்து ஆய்வு சொன்னது. சுவர் மூலையில் போய் வழி தெரியாமல் நிற்பது, ராத்திரியெல்லாம் நடப்பது, தெரிந்தவர்களையே அடையாளம் தெரியாமல் விழிப்பது. இப்படிப்பட்ட நாய், நேற்று மூக்கோடு மூக்கு வைத்த பூனையை இன்று காலை யாரோ என்று பார்க்கலாம். அதற்கு நாய் மேல் கோபப்பட்டு என்ன பயன்?

முதலில் மூக்கு, கடைசியில்தான் கண்

காதும் கண்ணும் தளர்ந்த பிறகும் நாய்க்குப் பெரும்பாலும் கைகொடுப்பது மூக்கு. மனிதனுக்கு மணம் பிடிக்கும் ஏற்பிகள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். பூனையும் சளைத்ததல்ல. ஆகவே அறிமுகம் மூக்கில் தொடங்க வேண்டும். பூனை கன்னத்தை நாற்காலிக் காலில் தேய்க்கிறதே, அரிப்புக்கு என்றா நினைத்தீர்கள்? கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் சுரப்பிகள் இருக்கின்றன. ‘இது என் இடம், இங்கே நிம்மதி’ என்று முத்திரை குத்துகிறது! ஒரு பழைய பனியன் துணியால் பூனையின் கன்னத்தை இதமாகத் துடைத்து, அந்தத் துணியை நாயின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். நாயின் கழுத்தைத் துடைத்த துணி பூனையின் பக்கத்துக்கு.

இப்போது நாயின் மூக்கைக் கிட்டே போய்ப் பாருங்கள். நொடிக்கு ஐந்து முறை வரை உறிஞ்சுகிறது. மூச்சை வெளியே விடுவது முன்பக்கமாக அல்ல, நாசியின் ஓரத்துப் பிளவுகள் வழியாகப் பக்கவாட்டில்; உள்ளே வரும் மணம் கலையாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு! இன்னொன்றும் உண்டு. புது வாசனையை நாய் முதலில் வலது நாசியால் மோந்துவிட்டு, பழகப் பழக இடது நாசிக்கு மாறுகிறது என்று 2011-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கால்நடை மருத்துவரின் வியர்வை போல, பதற்றம் தரும் வாசனையாக இருந்தால் வலது நாசியை விட்டு மாறுவதே இல்லை! பூனைத் துணியை மூன்றாம் நாளும் நான்காம் நாளும் நாய் எப்படி மோக்கிறது, மோந்துவிட்டு ஒரு பெருமூச்சோடு படுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். படுத்துக்கொண்டால் அடுத்த கட்டம்.

அடுத்தது மூடிய கதவு. இந்தப் பக்கம் நாய்க்குச் சாப்பாடு, அந்தப் பக்கம் பூனைக்கு. கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள அரை அங்குல இடைவெளியில்தான் எல்லா நாடகமும். இங்கிருந்து ஈர மூக்கு அழுந்தும், தரையில் மூச்சுப் பட்டு வட்டமாக ஒரு படலம் தோன்றி மறையும். அங்கிருந்து ஒரு பாதம் மெல்ல நீளும், நகம் வெளியே தெரிகிறதா இல்லையா என்பதுதான் செய்தி. நகம் உள்ளேயே இருந்தால் விசாரணை, வெளியே இருந்தால் எச்சரிக்கை. சாப்பாட்டைத் தட்டோடு விட்டுவிட்டுப் பூனை கட்டிலுக்கு அடியில் போனால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். தட்டைக் கதவிலிருந்து சில அடி தள்ளி வையுங்கள்.

கதவுக்குப் பிறகு கிரில் கேட். நம்மூர் வீடுகளின் இரும்புக் கிரில் கேட் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது! கம்பி இடைவெளி பெரிதாக இருந்தால் வலை கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். இதே முறையைத்தான் உலகின் வேகமான நில விலங்குக்கும் கையாள்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? சான் டியேகோ வனவிலங்குப் பூங்காவில் 1980-களின் தொடக்கத்தில் அருஷா என்கிற சிவிங்கிப்புலிக்கு அன்னா என்கிற கோல்டன் ரிட்ரீவர் நாயைத் தோழியாக்கினார்கள். பயந்த சுபாவம் கொண்ட சிவிங்கிப்புலி, நாய் பதறாமல் இருப்பதைப் பார்த்துத் தானும் தைரியமாகிறது! முதலில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடக்கவிடுகிறார்கள். அப்புறம் செயினோடு ஒரே இடத்தில். வாரக்கணக்கில் நடக்கும் வேலை. சிவிங்கிப்புலிக்கே அத்தனை வாரம் என்றால், நம் வீட்டு மகாராணிக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட நினைப்பது பேராசை.

நேருக்கு நேர் சந்திப்பு எப்போது? நாய் வாக்கிங் போய் அலுத்து வந்து, தண்ணீர் குடித்துப் படுக்கிற நேரம். விடியலும் அந்தியும் வேண்டாம், அப்போதுதான் பூனைக்கு வேட்டை முறுக்கு ஏறும். நாய் செயினில், செயின் தளர்வாக. பூனையைத் தூக்கி வந்து நாயின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். இந்த ஒரு காரியத்தால் கையெல்லாம் கீறலோடு ஊசி போடப் போனவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பூனைக்கு வேண்டியது உயரம். தன் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு தாவக்கூடிய பிராணி அது! பீரோ மேல், பரண், ஜன்னல் திண்டு எல்லாம் திறந்திருக்கட்டும். கீழே இறங்குவதா வேண்டாமா என்பது பூனையின் இஷ்டம். பூனை மேலிருந்து பார்க்கும்போது நீங்கள் அதைப் பார்த்துக் கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திறந்து பாருங்கள். அதுவும் அப்படியே பதில் தரும்! சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் உறுதி செய்த விஷயம் இது.

நாயை அமைதியாக்கினால் பூனை தானாக அமைதியாகும் என்பதற்கும் சான்று உண்டு. தாய் நாயின் மடியில் சுரக்கும் இதமூட்டும் வேதிப்பொருளின் செயற்கை வடிவத்தை நாய்-பூனை வீடுகளில் பரப்பிப் பார்த்தபோது, நாய்கள் மட்டுமா இளகின? பூனைகளும்தான் என்கிறது 2020-ல் வந்த இன்னொரு லிங்கன் ஆய்வு!

எல்லா நாய்க்கும் இது ஒத்துவருமா? இங்கே நான் கறாராகவே சொல்வேன். பார்த்தல், பதுங்கல், துரத்தல், கவ்வல் என்று நாயின் வேட்டை ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி எவ்வளவு முறுக்கேறியிருக்கும் என்பதை இனம் தீர்மானிக்கிறது. ஆடு மேய்க்கும் நாய்கள் முறைத்துப் பதுங்குவதோடு பெரும்பாலும் நிற்கும். முயல் வேட்டைக்கென்றே வளர்த்த நம் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் துரத்தல் ரத்தத்தில் ஊறியது. 2005-ல் தபால்தலையில் இடம் பிடித்த ராஜபாளையமும் வேட்டைக்குப் பேர்போனதுதான். வயதாகிவிட்டதால் அந்தக் குணம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், கால்தான் தளரும். பூனையைப் பார்த்ததும் உடம்பு விறைத்து, வாய் மூடி, கண்ணிமைக்காமல், பிஸ்கட்டை நீட்டினாலும் திரும்பாத நாய் என்றால், தனித்தனி அறைதான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தட்டு மாறினால்

பூனைக்கு இனிப்பே தெரியாது, தெரியுமா? இனிப்பை உணரும் மரபணு அதற்குச் செயலற்றுப் போயிருக்கிறது, 2005-ல் கண்டுபிடித்தார்கள். நாய்க்கு இனிப்பு நன்றாகவே தெரியும். டாரின் என்கிற சத்தை நாயின் உடல் பொதுவாகத் தானே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்ய முடியாது. அது இல்லாமல் போனால் பூனைக்குப் பார்வை கெடும், இதயம் வீங்கும். நாய்ச் சாப்பாட்டிலேயே பூனையை வளர்த்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் கவனிக்க! பூனைச் சாப்பாட்டில் புரதமும் கொழுப்பும் கூடுதல். நடமாட்டம் குறைந்த கிழட்டு நாய் அதைத் தினமும் காலி செய்தால் எடை ஏறும், மூட்டு இன்னும் கெடும். பூனைத் தட்டு மேலே, நாய்த் தட்டு கீழே. பூனையின் மண் தட்டும் நாய் எட்டாத இடத்தில். ஏன் என்று கேட்காதீர்கள், நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும்!

நாயின் மேல் ஊரும் தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான் என்பது இன்னொரு வேடிக்கை. உலகம் முழுக்க நாய்களைக் கடித்துப் பிடுங்குவதில் பெரும்பங்கு அந்த இனத்துக்கே! நாய்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற பார்வோ வைரஸும் 1978 வாக்கில் திடீரெனத் தோன்றியது, பூனைகளைத் தாக்கும் வைரஸோ அதன் நெருங்கிய சொந்தமோ உருமாறித்தான். நாய்களின் டிஸ்டெம்பர் நோய் வீட்டுப் பூனையை ஒன்றும் செய்வதில்லை. சிங்கத்தை விடுவதில்லை! 1994-ல் தான்சானியாவின் செரெங்கேட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அதில் போயின. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டிலும் சிங்கங்கள் அதற்குப் பலியாயின.

வீட்டுக்குள் வரும் நிஜமான ஆபத்து இத்தனைக்கும் மேலே ஒரு சின்னக் குப்பியில் இருக்கிறது. உண்ணிக்காக நாயின் கழுத்துக்குப் பின்னால் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது. பூனையின் ஈரலுக்கு அதை வேகமாக உடைத்து வெளியேற்றும் வலு இல்லை. நாயை நக்கினால் போதும், அதன் மேல் ஒட்டிப் படுத்தால் போதும். உடம்பு உதறி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். ‘ரெண்டும் ஒண்ணா கட்டிப்பிடிச்சுத் தூங்குது’ என்று நாம் போட்டோ எடுக்கிற அதே நட்பே விஷமாகிவிடும்! பாரசிட்டமாலும் அப்படித்தான். பூனைக்கு ஒரு மாத்திரையே எமன். நாயின் மூட்டுவலிக்கும் வீட்டு மாத்திரையை உடைத்துப் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

ஆகவே தாத்தா நாயைக் கூட்டி வருவதாக முடிவு செய்திருந்தால், வண்டி பிடிக்கும் முன் இரண்டு வேலைகளை முடியுங்கள். நாயின் கண், காது, மூட்டு மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, நாய்க்கும் பூனைக்கும் சேர்த்தே ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அலமாரியில் இருக்கும் உண்ணி மருந்துக் குப்பியை எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் பூனை உள்ள வீட்டுக்கு ஏற்ற வேறு மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.